சங்கமாக இமயம் ஏறுதல்: மார்க்கா பள்ளத்தாக்கையும் காங் யாட்சே உச்சியையும் முன்வைத்து ஒரு திட்டக் குறிப்பு

மலையேற்றச் சங்கம் ஒன்று இமயப் பயணத்துக்குத் திட்டமிடத் தொடங்கும்போது எழும் முதல் சிக்கல் மலையிலிருந்து வருவதில்லை. சங்கத்தின் உறுப்பினர் பட்டியலிலிருந்தே வருகிறது. வணிகமுறையில் பயணம் நடத்தும் நிறுவனம், ஒரு பாதைக்கு உரிய தகுதியுடையவர்களை மட்டும் பணம் பெற்றுச் சேர்த்துக்கொள்கிறது. இரண்டு நண்பர்கள் தாமாகப் புறப்படும்போது ஒருவரின் வலிமையும் தளர்ச்சியும் மற்றவருக்குத் தெரிந்தே இருக்கின்றன. சங்கத்திலோ ஓய்வுபெற்ற வங்கி ஊழியரும், வாரந்தோறும் பாறை ஏறும் கல்லூரி மாணவரும், பனியை ஒருமுறைகூடத் தொட்டிராத நெடுந்தூர ஓட்டக்காரரும் ஒரே சந்தாவைச் செலுத்தி, ஒரே உரிமையுடன், ஒரே பயணத்தில் இடம் கேட்கின்றனர். இவர்களுள் சிலர் விரும்புவது மலைநடை, அதாவது முகாம் விட்டு முகாம் பாதைவழியே பல நாட்கள் நடந்து பள்ளத்தாக்குகளையும் கணவாய்களையும் கடப்பது. வேறு சிலர் விரும்புவது மலையேற்றம், அதாவது கயிறும் பனிக்கோடரியும் இன்றிச் செல்லத்தகாத பனிச்சாய்வுகளின் வழியே ஓர் உச்சியை அடைவது. இவ்விரு விருப்பங்களையும் ஒரே பயணத்தில் அடக்க முனையும் சங்கம், எந்த உச்சி என்று கேட்பதற்கு முன்னரே, எத்தனை நாட்கள் என்பதற்கும், மலையில் யாருடைய சொல் இறுதியானது என்பதற்கும் விடை கண்டாக வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

சிறு குழுக்களின் மரபு

உலகின் முதல் மலையேற்றச் சங்கமான ஆல்பைன் கிளப் 1857இல் லண்டனில் தோன்றியது; இமயத்துக்கென்றே அமைந்த ஹிமாலயன் கிளப் 1928இல் தில்லியில் தொடங்கப்பட்டு, மறு ஆண்டிலிருந்து தன் ஆய்விதழை வெளியிட்டு வருகிறது. எவரெஸ்ட்டை நோக்கிய தொடக்ககாலப் பயணங்கள் நூற்றுக்கணக்கான சுமைதூக்கிகளுடன் படை நகர்வதைப்போல நடந்த அதே காலத்தில், எரிக் ஷிப்டனும் பில் டில்மனும் 1934இல் மூன்று ஷெர்பாக்களை மட்டும் துணைகொண்டு ரிஷி கங்கையின் மலையிடுக்கு வழியாக நந்தா தேவியின் உள்வட்டத்தை அடைந்தனர். 1950இல் டபிள்யூ. எச். மர்ரேயும் அவருடைய மூன்று தோழர்களும் ஸ்காட்லாந்திலிருந்து கார்வால், குமாவுன் மலைகளுக்கு வந்தனர்; 1955இல் மகளிர் ஸ்காட்டிஷ் ஏறுநர் சங்கத்தைச் சேர்ந்த மோனிகா ஜாக்சன், எலிசபெத் ஸ்டார்க், எவலின் காம்ராஸ் ஆகிய மூவரும் நேபாளத்தின் ஜுகல் இமால் பகுதிக்குச் சென்றனர்; பெண்கள் மட்டுமே அடங்கிய முதல் இமயப் பயணக்குழு என்று அது அறியப்படுகிறது. இந்தியாவில் படைத்துறையின் ஆதரவின்றிக் குடிமக்களே நடத்திய பயணங்களுக்கு முன்னோடியாக அமைந்தது, 1960இல் வங்காளத்திலிருந்து கிளம்பிய குழு 6,309 மீட்டர் உயரமுள்ள நந்தா குண்டியின் மீது ஏறிய நிகழ்வு.

ஷிப்டன், மர்ரே, ஜாக்சன் ஆகியோரின் பயணங்களுக்குப் பொதுவாக இருப்பது ஆட்கள் மிகச் சிலர் என்பதும், அச்சிலரும் ஒருவரையொருவர் நன்கு அறிந்திருந்தனர் என்பதுமாகும். மூன்று பேர் அல்லது நான்கு பேர் கொண்ட குழுவில் திரும்பலாமா, தொடரலாமா என்ற முடிவு ஒரு கூடாரத்துக்குள் நடக்கும் பேச்சிலேயே தீர்ந்துவிடுகிறது. இன்றைய சங்கப் பயணத்தில் 12 அல்லது 15 பேர் இருப்பதால், அன்று நட்பு செய்த வேலையை இன்று முன்கூட்டியே எழுதிவைத்த விதிகள் செய்ய வேண்டியிருக்கிறது.

இடத்தைத் தெரிவுசெய்தல்

மலைநடைக்காரரும் மலையேறுநரும் ஒரே பயணத்தில் செல்ல வேண்டுமானால், இரு பிரிவினரும் பெரும்பகுதிப் பாதையைச் சேர்ந்து நடந்து, கடைசிச் சில நாட்கள் மட்டும் பிரிந்து, பின்னர் ஒரே வழியில் வெளியேறத்தக்க நிலப்பகுதி தேவைப்படுகிறது. நேபாளத்தின் கும்பு பகுதியில் எவரெஸ்ட் அடிவார முகாமுக்கான நடையும் ஐலண்ட் பீக் எனப்படும் இம்ஜா சே உச்சியும் இவ்வகையில் இணைகின்றன. இந்திய எல்லைக்குள் அத்தகைய இணைப்புக்குச் சிறந்த சான்று லடாக்கின் மார்க்கா பள்ளத்தாக்கும், அதன் கிழக்கு முனையில் எழும் காங் யாட்சே மலையும் ஆகும்.

காங் யாட்சேக்கு இரண்டு உச்சிகள் உண்டு. ஏறத்தாழ 6,400 மீட்டர் உயரமுள்ள முதலாவது உச்சி கூரிய முகட்டையும் செங்குத்தான பனியையும் உடையது என்பதால் பயிற்சிமிக்க குழுக்களுக்கே உரியது. ஏறத்தாழ 6,250 மீட்டர் உயரமுள்ள இரண்டாவது உச்சி நீண்ட பனிச்சாய்வின் வழியே அடையத்தக்கது என்பதால் சங்கங்கள் பெரிதும் நாடுவது அதனையே. லே நகரத்திலிருந்து கண்ணுக்குத் தெரியும் ஸ்டோக் காங்ரி உச்சி முன்னர் இந்த இடத்தை வகித்தது. மிகுதியான கூட்டத்தால் பனியாறும் கிராமத்தின் நீராதாரமும் கெடுகின்றன என்று ஸ்டோக் கிராமத்தார் கவலைப்பட்டதன் விளைவாக அது 2020 முதல் மூடப்பட்டது. அங்குச் சென்றுகொண்டிருந்த கூட்டத்தில் ஒரு பெரும்பகுதி இப்போது காங் யாட்சேயை நோக்கித் திரும்பியிருப்பதால், ஸ்டோக்கில் நேர்ந்தது இங்கும் நேராமல் காக்கும் பொறுப்பும் அதனுடன் சேர்ந்தே வந்திருக்கிறது.

மார்க்கா பள்ளத்தாக்கு, 1981இல் அமைக்கப்பட்டுப் பின்னர் ஏறத்தாழ 4,400 சதுர கிலோமீட்டராக விரிந்த ஹெமிஸ் தேசியப் பூங்காவுடன் பிணைந்தது. பனிச்சிறுத்தையும், அதன் முதன்மை இரையான பாரல் எனப்படும் நீலச் செம்மறியும் வாழும் இடம் அது. ஸ்கியு, மார்க்கா, ஹன்கர் ஆகிய ஊர்களில் வீடுகளிலேயே தங்கி உணவு உண்ணும் ஏற்பாடு பல ஆண்டுகளாக நிலைபெற்றிருப்பதால், நடைப் பிரிவினர் பயணத்தின் முதற்பாதியில் கூடாரத்தையும் சமையல் பொருள்களையும் சுமக்க வேண்டியதில்லை. நடைக்காரர்களின் இலக்கு, ஏறத்தாழ 5,200 மீட்டர் உயரத்திலுள்ள கொங்மாரு லா என்னும் கணவாயைக் கடந்து ஷாங் சும்தோவில் இறங்குவது. லா என்பது திபெத்திய மொழிக் குடும்பத்தில் கணவாயைக் குறிக்கும் பின்னொட்டு. ஏறுநர் அக்கணவாய்க்கு முன்னுள்ள நிமாலிங் மேய்ச்சல்வெளியில் அவர்களிடமிருந்து பிரிந்து அடிவார முகாமுக்குச் செல்கின்றனர்.

எந்த மாதம்

இமயத்தின் பருவத்தை ஒரே அட்டவணையில் அடக்க இயலாது. நேபாளம், கார்வால், சிக்கிம் ஆகிய பகுதிகளில் தென்மேற்குப் பருவமழைக்கு முந்திய வேனிலும் பிந்திய இலையுதிர்காலமும் மட்டுமே பொதுவாக ஏற்றவை. இமயத்தின் முதன்மைத் தொடருக்கு வடக்கே மழைமறைவில் கிடக்கும் லடாக்கிலோ ஆண்டு முழுவதிலும் லே நகரில் விழும் மழையும் பனியும் சேர்ந்து ஏறத்தாழ 100 மில்லிமீட்டர்தான் என்பதால், மற்ற இடங்களில் மழை கொட்டும் ஜூலை, ஆகஸ்ட் மாதங்களே அங்கு மலைப்பருவமாக அமைகின்றன. எனினும் மழைமறைவு என்பது மழையே வராது என்ற உறுதிமொழி ஆகாது. 2010ஆம் ஆண்டு ஆகஸ்ட் 5ஆம் நாள் இரவு லே பகுதியில் மேகம் வெடித்துப் பெய்த மழையால் பெருகிய சேற்று வெள்ளத்தில் 200க்கும் மேற்பட்டோர் இறந்தனர். தாவரங்கள் அற்ற மலைச்சரிவில் நீரைத் தடுத்து நிறுத்த எதுவும் இல்லாததால், சிறிது நேர மழையும் அங்கு மண்ணைப் பெயர்த்துக்கொண்டு இறங்குகிறது. ஓடைக்கரையில் கூடாரம் அடிக்கலாகாது என்ற விதி லடாக்கில் ஏன் இவ்வளவு கண்டிப்பானது என்பதை அந்த இரவு விளக்குகிறது.

ஜூலையில் பனி உருகுவதால் ஓடைகள் நண்பகலுக்குப் பின் பெருகுகின்றன என்பதும், அதனால் ஆற்றைக் கடக்க வேண்டிய நாட்களில் விடியற்காலையிலேயே புறப்பட வேண்டும் என்பதும் அட்டவணையில் இடம்பெற வேண்டிய செய்திகள். ஆகஸ்ட் இறுதியில் ஓடைகள் தணிகின்றன. ஆனால் உச்சிச்சாய்வில் மேற்பனி தேய்ந்து கெட்டியான பனிக்கட்டி வெளிப்படுவதால் ஏற்றம் கடினமாகிறது. நடைக்காரருக்கு உகந்த வாரமும் ஏறுநருக்கு உகந்த வாரமும் முழுமையாக ஒன்றுபடுவதில்லை என்பதால், இரு பிரிவும் சற்று விட்டுக்கொடுக்கும் ஜூலை பிற்பகுதியோ ஆகஸ்ட் முற்பகுதியோதான் பெரும்பாலும் முடிவாகிறது.

தொலைவில் தோன்றும் வானிலையும் கணக்கில் சேர வேண்டியதே. 2014 அக்டோபர் 12 அன்று விசாகப்பட்டினத்தில் கரையைக் கடந்த ஹுத்ஹுத் புயலின் எச்சம் இரண்டு நாட்களில் நேபாளத்தை அடைந்து, அன்னபூர்ணா சுற்றுப்பாதையிலுள்ள தொரங் லா கணவாயிலும் அதன் சுற்றுப்புறத்திலும் கடும் பனிப்புயலாகப் பொழிந்தது; அதிலும் அதனால் விளைந்த பனிச்சரிவுகளிலும் 40க்கும் மேற்பட்டோர் மாண்டனர். வங்கக்கடலில் உருவாகும் தாழ்வழுத்தத்தைச் சென்னையிலும் கொல்கத்தாவிலும் உள்ள சங்கத்தார் தத்தம் ஊருக்கான செய்தியாக மட்டும் படிப்பதுண்டு. இலையுதிர்காலத்தில் நேபாளம் செல்லும் குழுவுக்கு அது கணவாயைக் கடக்கும் நாளை முடிவு செய்யும் செய்தியாகும்.

உயரம் என்னும் கணக்கு

திட்டத்தின் நடுநாடியாக அமைவது உடல் உயரத்துக்குப் பழகுதல். காற்றில் உயிர்வளியின் விகிதம் எங்கும் ஏறத்தாழ 21 விழுக்காடாகவே இருக்க, காற்றழுத்தம் மட்டும் உயரத்தோடு குறைவதால், ஒவ்வொரு மூச்சிலும் உடலுக்குக் கிடைக்கும் உயிர்வளி குறைகிறது. லே அமைந்திருக்கும் 3,500 மீட்டரில் அழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதன் மூன்றில் இரு பங்கை ஒட்டியும், 5,500 மீட்டரில் ஏறத்தாழ பாதியாகவும் ஆகிறது. காங் யாட்சே உச்சி அந்தப் பாதிக்கோட்டுக்கும் மேலே இருக்கிறது. மூச்சின் வேகத்தையும் குருதியின் தன்மையையும் மாற்றி இக்குறைவைச் சமாளிக்க உடலுக்கு நாட்கள் தேவைப்படுகின்றன. உடற்பயிற்சியாலோ மனவுறுதியாலோ அந்நாட்களைக் குறைக்க இயலாது.

பழகாத உடலில் தோன்றும் கோளாறுகள் மூன்று. தலைவலியோடு குமட்டலும் தளர்ச்சியும் தலைச்சுற்றலும் சேர்வது கடும் மலைநோய் எனப்படுகிறது. மூளையில் நீர் கோத்து நடை தடுமாறி அறிவு குழம்புவது இரண்டாவது. நுரையீரலில் நீர் கோத்து, ஓய்விலும் மூச்சுத் திணறி, இருமலில் நுரையோ குருதியோ வருவது மூன்றாவது. பிந்திய இரண்டும் சில மணிநேரத்தில் உயிரைப் பறிக்க வல்லவை. இவற்றைப் பற்றிய மருத்துவ அறிவின் ஒரு பகுதி இதே இமயத்திலிருந்து கிடைத்தது: 1962 போரையொட்டித் தாழ்நிலத்திலிருந்து விரைவாக உயரத்துக்கு அனுப்பப்பட்ட இந்தியப் படைவீரர்களிடையே மலைநோய் பரவலாகத் தோன்ற, இந்தர் சிங்கும் அவருடன் பணியாற்றிய மருத்துவர்களும் 1,925 பேரை ஆராய்ந்து 1969இல் வெளியிட்ட ஆய்வுரை இத்துறையின் அடிப்படை நூல்களுள் ஒன்றாகக் கருதப்படுகிறது. அந்தப் பட்டறிவின் தொடர்ச்சியாகவே இந்தியப் படை தன் வீரர்களுக்கு மூன்று கட்டப் பழக்கத்தை விதித்திருக்கிறது: 2,700 முதல் 3,600 மீட்டர் வரை 6 நாட்கள், 4,500 மீட்டர் வரை மேலும் 4 நாட்கள், அதற்கு மேல் இன்னும் 4 நாட்கள்; முதற்கட்டத்தின் முதலிரு நாட்கள் முழு ஓய்வு. இளமையும் பயிற்சியும் உள்ள வீரனுக்கே 6 நாட்கள் வேண்டும் என்று படை கருதும் இடத்தில், காலையில் சென்னையிலிருந்து கிளம்பி தில்லி வழியாக விமானத்தில் லே வந்து இறங்கும் அலுவலக ஊழியருக்கு ஒரே நாள் போதும் என்று ஒரு சங்கம் முடிவு செய்வதற்கு எந்த நியாயமும் இல்லை.

மலைமருத்துவ வல்லுநர்கள் பரிந்துரைக்கும் பொதுவிதி எளியது: 3,000 மீட்டருக்கு மேல் உறங்கும் உயரத்தை ஓர் இரவுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டாதிருத்தல், மூன்று நான்கு நாட்களுக்கு ஒருமுறை அதே உயரத்தில் தங்குதல். இவ்விதியை மார்க்கா பாதையின் மீது பொருத்திப் பார்த்தால் நாட்கணக்கு தானாகவே வெளிப்படுகிறது. லேயில் நான்கு இரவுகள். ஐந்தாம் நாள் வண்டியில் சில்லிங் வழியாக 3,400 மீட்டரை ஒட்டிய ஸ்கியு. ஆறாம் நாள் 3,700 மீட்டரளவில் மார்க்கா. ஏழாம் நாள் 4,000 மீட்டரளவில் ஹன்கர். எட்டாம் நாள் 4,250 மீட்டரளவில் தாச்சுங்சே. அங்கிருந்து 4,800 மீட்டரளவில் உள்ள நிமாலிங்குக்கு ஒரே நாளில் 550 மீட்டர் கூடுவதால், ஒன்பதாம் நாள் தாச்சுங்சேயிலேயே தங்கி, பகலில் மேலே நடந்து இரவில் கீழே உறங்கி, பத்தாம் நாள் நிமாலிங் சேர்ந்து, பதினோராம் நாளையும் அங்கேயே கழிப்பது பொருத்தம். பன்னிரண்டாம் நாள் ஏறுநர் 5,100 மீட்டரளவில் அடிவார முகாமுக்குச் செல்ல, நடைப் பிரிவினர் கொங்மாரு லாவைக் கடந்து இறங்குகின்றனர். பதின்மூன்றாம் நாள் பனிப்பயிற்சி, அன்றிரவே உச்சிக்குப் புறப்பாடு, பதினான்காம் நாள் உச்சியும் இறக்கமும், பதினைந்தாம் நாள் வானிலைக்கான இருப்பு, பதினாறாம் நாள் கணவாயைக் கடந்து லே, பதினேழாம் நாள் விமானம் ரத்தானால் என்ற இருப்பு, பதினெட்டாம் நாள் ஊர் திரும்பல்.

சாலை இப்போது பள்ளத்தாக்குக்குள் நீண்டுகொண்டே செல்வதால், முதல் சில நாட்களின் நடையை வண்டியிலேயே கடந்துவிடலாம் என்ற யோசனை எல்லாச் சங்கக் கூட்டங்களிலும் எழுவது உறுதி. நடையில் செலவாகும் அந்நாட்கள் தூரத்தைக் கடப்பதற்கானவையாகத் தோன்றினாலும், உடல் பழகுவதற்கான நாட்களாகவும் இருப்பதால், வண்டியில் சென்று நாளை மிச்சப்படுத்துபவர் உண்மையில் தம் இருப்பிலிருந்து எடுத்தே செலவழிக்கிறார்.

அசெட்டசோலமைடு என்னும் மாத்திரை, மருத்துவர் அறிவுரையின்பேரில் வளர்ந்தவர்க்கு 125 மில்லிகிராம் அளவில் நாளுக்கு இருமுறை, ஏறுவதற்கு முந்திய நாளிலிருந்து எடுத்துக்கொள்ளப்படும்போது பழகுதலை விரைவுபடுத்துகிறது. எனினும் அது நாட்களுக்கு ஈடாகாது. மூளை வீக்கத்துக்கு டெக்சாமெதசோன், நுரையீரல் நீர்க்கோப்புக்கு உயிர்வளியும் நிஃபெடிபினும் என மருந்துகள் இருந்தாலும், இவை நோயாளியைக் கீழே இறக்குவதற்கு அவகாசம் வாங்கித் தருபவையே, இறக்குவதே மருத்துவம். சங்கத்தின் மருத்துவப் பொறுப்பாளர் நாள்தோறும் காலையிலும் மாலையிலும் லேக் லூயிஸ் மதிப்பெண் முறையில், அதாவது தலைவலி, வயிற்றுக் கோளாறு, தளர்ச்சி, தலைச்சுற்றல் ஆகிய நான்குக்கும் 0 முதல் 3 வரை மதிப்பிடும் முறையில், ஒவ்வொருவரின் நிலையையும் குறித்துவைக்க வேண்டும். தலைவலியுடன் மொத்தம் 3 அல்லது அதற்கு மேல் வந்தால் அவர் மறுநாள் மேலே செல்லலாகாது. ஏறும் வாய்ப்பை இழக்க அஞ்சி நோயை மறைப்பது உறுப்பினர்களிடையே இயல்பு என்பதால், இதனை அவரவர் சொல்லட்டும் என்று விடாமல் கேட்டு எழுதுவது இன்றியமையாதது.

யார் நடப்பது, யார் ஏறுவது

நடைப் பிரிவுக்கும் ஏறும் பிரிவுக்கும் இடையிலான எல்லையை வயதும் ஆர்வமும் வகுக்கக்கூடாது. பயிற்சியே வகுக்க வேண்டும். டார்ஜிலிங்கில் 1954இல் தொடங்கப்பட்ட இமாலய மலையேற்றக் கழகம், உத்தரகாசியில் 1965இல் தொடங்கப்பட்ட நேரு மலையேற்றக் கழகம் ஆகியவற்றில் ஏறத்தாழ நான்கு வாரம் நடைபெறும் அடிப்படைப் பயிற்சியை முடித்தவர் ஓரிருவராவது ஒவ்வொரு கயிற்றிலும் இருப்பது நலம். மற்ற ஏறுநர், காலணிக்கு அடியில் கட்டும் எஃகு முட்களான கிராம்பானைப் பொருத்தி நடக்கவும், சறுக்கினால் பனிக்கோடரியை மார்போடு அணைத்துப் பனியில் அழுத்தித் தம்மைத் தாமே நிறுத்திக்கொள்ளவும், முடிச்சுகளை இருட்டிலும் கையுறையோடும் போடவும் கற்றிருக்க வேண்டும். முடிச்சை ஊரிலேயே பழகலாம். சறுக்கலைத் தடுப்பதைப் பனியில்தான் பழக முடியும் என்பதால், அடிவார முகாமில் ஒதுக்கிய பயிற்சி நாளை ஓய்வு நாளாகக் கருதி விட்டுவிடக் கூடாது.

கயிறு பற்றிய ஒரு தவறான நம்பிக்கையை இங்குக் குறிப்பிட வேண்டும். பனிப்பிளவுகள் உள்ள சமமான பனியாற்றில் கயிற்றால் பிணைந்து நடப்பது ஒருவர் விழுந்தால் மற்றவர் தாங்கப் பயன்படுகிறது. செங்குத்தான கெட்டிப்பனியிலோ, பனியில் ஆணியோ முளையோ அடித்து அதில் கயிற்றைப் பூட்டாமல் வெறுமனே பிணைந்து ஏறினால், ஒருவரின் சறுக்கல் அனைவரையும் இழுத்துச் சென்றுவிடும். காங் யாட்சேயின் மேற்சாய்வில் எந்த இடத்தில் பிணைவது, எந்த இடத்தில் முளையடித்து நிலைக்கயிறு கட்டுவது என்பதை வழிகாட்டியும் தலைவரும் அன்றைய பனியின் தன்மையைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். எளிய மலை என்ற பெயர் இவ்வுச்சிக்கு ஒட்டிக்கொண்டிருப்பது, இத்தகைய முடிவுகளைக் குழுக்கள் எடுக்காமலே கடந்துபோவதற்குக் காரணமாகிறது.

நடைப் பிரிவுக்கு இத்தகைய ஆபத்து இல்லை என்பதால் அதற்குத் திட்டமே தேவையில்லை என்று எண்ணுவதும் பிழை. 2024 ஜூன் தொடக்கத்தில் உத்தராகண்டின் சஹஸ்திர தால் என்னும் ஏரிப் பாதையில் சென்ற கர்நாடகக் குழுவினருள் 9 பேர் பனிக்காற்றில் சிக்கி உயிரிழந்தனர். அவர்கள் சென்றது உச்சியேற்றத்துக்கு அன்று, மலைநடைக்கே. கணவாயைக் கடக்கும் நாளில் நடைப் பிரிவினர் ஒவ்வொருவரின் முதுகுப்பையிலும் மழைக்காப்பு உடையும், உலர்ந்த மாற்றுக் கம்பளி உடையும், தலைவிளக்கும், உணவும் இருக்க வேண்டும். இவற்றைக் குதிரையின் மீது ஏற்றிவிட்டவர் குதிரை முன்னே சென்றபின் வெறுங்கையராகி விடுகிறார்.

இறுதிச் சொல் யாருடையது

ஊரில் சங்கம் மக்களாட்சி முறையில் நடப்பது நல்லது. மலையில் 5,000 மீட்டருக்கு மேல், உயிர்வளிக் குறைவால் அனைவருடைய தீர்ப்பும் மங்கியிருக்கும் வேளையில், வாக்கெடுப்பு நடத்துவது நல்லதன்று. ஆகவே தலைவர் ஒருவரையும், அவர் நோயுற்றால் பொறுப்பேற்கும் துணைத்தலைவரையும், நடைப் பிரிவுக்குத் தனித் தலைவரையும் புறப்படுமுன் பொதுக்குழுவிலேயே தெரிவுசெய்து, திரும்பச் சொல்லும் அதிகாரம் அவர்களுக்கே உண்டு என்பதில் அனைவரின் கையொப்பத்தையும் பெறுவது முறை. உள்ளூர் வழிகாட்டி திரும்பலாம் என்று சொன்னால் தலைவரும் அதை மீறலாகாது என்பது இரண்டாவது விதி.

மூன்றாவது விதி திரும்பும் நேரம். அடிவார முகாமிலிருந்து உச்சிவரை 1,150 மீட்டர் ஏற்றம். அவ்வுயரத்தில் நன்கு பழகிய குழு மணிக்கு 130 மீட்டரளவில் ஏறும் என்று கொண்டால் ஏறத்தாழ 9 மணிநேரம் ஆகும். இரவு 11 மணிக்குப் புறப்பட்டவர் காலை 8 மணிக்கு உச்சியில் இருக்க வேண்டும். வெயில் ஏறியபின் பனி குழைந்து காலடி நிற்காமல் போவதால், 9 மணிக்கு எங்கிருந்தாலும் திரும்ப வேண்டும் என்று முன்கூட்டியே விதித்துவிடலாம். உச்சி 100 மீட்டர் தொலைவில் தெரியும்போது புதிதாக ஒரு நேரத்தைப் பேசி முடிவு செய்ய யாராலும் இயலாது. ஊரில் நாற்காலியில் அமர்ந்து எழுதிய நேரமே அங்குக் காப்பாற்றும். ஒருவர் களைத்தால் அவரை வழியில் தனியே அமரவைத்துவிட்டு மற்றவர் மேலே செல்வதும் கூடாது என்பதால், முழுக் குழுவும் திரும்ப நேராமலிருக்க, ஒவ்வொரு சிறு பிரிவுக்கும் ஒரு வழிகாட்டி என்ற விகிதத்தில் ஆட்களை அமர்த்த வேண்டும்.

அனுமதி, தொடர்பு, மீட்பு

உச்சியேற்றத்துக்கான அனுமதியை வழங்குவது புது தில்லியைத் தலைமையிடமாகக் கொண்ட இந்திய மலையேற்ற அறக்கட்டளை. அத்துடன் பூங்காவின் நுழைவுக்கும் உள்ளூர் நிருவாகத்துக்கும் உரிய கட்டணங்களும் உண்டு. இவை அவ்வப்போது மாறுவதால், பயணத்துக்குப் பல மாதங்களுக்கு முன்பே எழுத்துமூலம் கேட்டறிவது நல்லது. செயற்கைக்கோள் தொலைபேசியும், செயற்கைக்கோள்வழிச் செய்தி அனுப்பும் கருவிகளும் இந்தியாவில் அரசின் முன் அனுமதியின்றி வைத்திருக்கத் தடைசெய்யப்பட்டவை. வெளிநாட்டிலிருந்து வரும் நண்பர் நல்லெண்ணத்தோடு கொண்டுவரும் அத்தகைய கருவி, விமான நிலையத்திலேயே அவரைச் சிக்கலில் ஆழ்த்தலாம். பிற மாநிலங்களில் வாங்கிய முன்கட்டணச் சிம் அட்டைகள் லடாக்கில் இயங்குவதில்லை என்பதால், பின்கட்டண இணைப்புள்ளவர் எவரெவர் என்று முன்கூட்டியே பட்டியலிட வேண்டும். பள்ளத்தாக்கின் பெரும்பகுதியில் அதற்கும் அலை கிடைக்காது.

ஆகவே விபத்து நேர்ந்தால் முதலில் செயல்பட வேண்டியது ஓட்டமாக இறங்கிச் செய்தி சொல்லும் ஒரு மனிதரும், நோயாளியைச் சுமக்க ஒரு குதிரையும்தான். ஹெலிகாப்டர் மீட்பு லடாக்கில் பெரிதும் படைத்துறையைச் சார்ந்திருக்கிறது; செய்தி சேர்ந்து, நிருவாகம் ஒப்புதல் அளித்து, வானம் தெளிந்தபின்னரே அது வரும். ஊரில் இருக்கும் சங்க நிருவாகி ஒருவர் உறுப்பினர்களின் அடையாள விவரம், குருதி வகை, காப்பீட்டு எண், லேயில் உள்ள ஏற்பாட்டாளரின் எண் அனைத்தையும் வைத்துக்கொண்டு, குழு குறித்த நாளில் வெளிவராவிட்டால் எத்தனை மணிநேரம் பொறுத்து யாரை அழைப்பது என்பதை எழுத்தில் வைத்திருக்க வேண்டும். காப்பீடு எடுக்கும்போது, குறிப்பிட்ட உயரத்துக்கு மேலும் கயிறு பயன்படுத்தும் செயல்களுக்கும் அது பொருந்தாது என்ற விலக்கு பல ஒப்பந்தங்களில் இருப்பதைத் தேடிப் படிக்க வேண்டும். நடைக்காரருக்குப் போதுமான காப்பீடு ஏறுநருக்குப் போதாமல் போவது இவ்விடத்தில்தான்.

பணமும் ஊரும்

செலவைப் பகிர்வதில் சங்கங்களில் எழும் பூசல், பெரும்பாலும் நடைக்காரர் ஏறுநரின் செலவைச் சுமக்கிறார்களா என்பதைப் பற்றியது. இதற்குத் தீர்வு இரண்டு கணக்குகள்: வண்டி, லே தங்கல், பொதுச் சமையல், குதிரை, மருத்துவப் பெட்டி ஆகியவை அனைவருக்கும் பொது, உச்சி அனுமதி, வழிகாட்டிகள், கயிறு, அடிவார முகாமின் கூடுதல் நாட்கள் ஆகியவை ஏறுநருக்கு மட்டும். குதிரைக்காரருக்கு அவர் வெறுங்குதிரையுடன் தம் ஊர் திரும்பும் நாட்களுக்கும் கூலி உண்டு என்பது லடாக்கின் வழக்கம். அதனைத் திட்டத்தில் சேர்க்காத சங்கம் கடைசி நாளில் பேரம் பேசி ஒரு குடும்பத்தின் வருவாயைக் குறைக்கிறது. அடுப்புக்கான எரிவாயுக் குப்பிகளை விமானத்தில் கொண்டுசெல்ல இயலாது என்பதால், எரிபொருள் முழுவதையும் லேயிலேயே வாங்க வேண்டும் என்பதும் வரவுசெலவில் இடம்பெற வேண்டிய குறிப்பு.

மார்க்கா பள்ளத்தாக்கு மக்களின் வயலுக்கும் வாய்க்கும் வரும் நீர் இதே பனியிலிருந்து உருகி இறங்குவது. ஆகவே அடிவார முகாமின் கழிவிடத்தை ஓடையிலிருந்து விலக்கி அமைப்பதும், சுமந்து சென்ற உறைகள் அனைத்தையும் எண்ணி எடுத்துவந்து லேயில் ஒப்படைப்பதும் விருந்தினரின் கடமைகள். ஸ்டோக் காங்ரி மூடப்பட்டது ஒரு கிராமத்தின் முடிவால். அத்தகைய முடிவு இங்கும் நேர்ந்தால் அதற்குச் சங்கங்களே காரணமாக இருக்கும்.

இத்திட்டத்தை வாசிக்கும் சங்க நிருவாகிகளுக்கு ஒரு வேண்டுகோளுடன் முடிக்கலாம். விடுப்பு கிடைக்காது, 18 நாட்கள் மிக அதிகம், 12 நாட்களில் முடித்துவிடலாம் என்ற குரல் பொதுக்குழுவில் கட்டாயம் எழும். அப்போது ஓய்வு நாட்களையும் இருப்பு நாட்களையும் வெட்டி உச்சியைத் தக்கவைத்துக்கொள்ள முனையாமல், உச்சியை வெட்டி நாட்களைத் தக்கவைத்துக்கொள்ளுங்கள். உடல் பழகுவதற்குப் போதிய இரவுகளை ஒதுக்கி மார்க்கா பள்ளத்தாக்கை மட்டும் நடந்து கொங்மாரு லாவைக் கடந்து வரும் பயணம் தன்னளவில் முழுமையானது. 18 நாட்களைக் கொடுக்க முடியாத சங்கம் காங் யாட்சேக்கு விண்ணப்பிக்காமல் இருப்பதே சரி.